அத்தியாயம் 6: திறமூல மெய்நிகராக்கத் தளங்கள் – எதை எடுப்பது, எதை விடுவது

2023 நவம்பர் 22 அன்று விஎம்வேர், பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தார்கள். சந்தாவும் கோர் கணக்கில். ஒரு சிபியுவில் 8 கோர்தான் இருக்கிறது என்றாலும் 16 கோருக்குப் பணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ பதிப்பும் நின்றது. 2025 ஏப்ரலில் அது திரும்பி வந்தபோது, சிறிய அலுவலகங்கள் பலவும் வேறு வழி தேடிப் போய்விட்டிருந்தன. இந்த அத்தியாயத்தைப் படிக்க வந்திருக்கும் உங்களில் பலருக்கும் அதே தேடல்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இங்கே கணக்கில் எடுப்பது இரண்டு முதல் ஆறு சர்வர்கள், அவற்றில் இருபதிலிருந்து நூறு மெய்நிகர் கணினிகள், பார்த்துக்கொள்ள ஒன்றிரண்டு பேர். ஒரு கல்லூரி, ஒரு மருத்துவமனை, ஒரு நடுத்தரத் தொழிற்சாலை என்றால் பெரும்பாலும் இந்த அளவுதான். அதற்கு மேலே போனால் கேள்விகளே வேறு. அவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒப்பீடு என்றதும் எல்லோரும் தேடுவது ஓர் அட்டவணை. லைவ் மைக்ரேஷன் உண்டா, ஸ்னாப்ஷாட் உண்டா, ஒரு சர்வர் விழுந்தால் மெய்நிகர் கணினி வேறொன்றில் தானாக எழுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும். இன்று ஓரளவு முதிர்ந்த எந்தத் தளத்தை எடுத்தாலும் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிடும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள். உங்கள் வட்டுகள் எங்கே இருக்கின்றன? ஒரு சர்வர் நள்ளிரவில் நின்றுபோனால் மற்றவை என்ன செய்யும்? இந்த மென்பொருளுக்குப் பின்னால் நிற்பது யார்? இவற்றில் முதல் கேள்விக்கான பதிலே முக்கால்வாசி முடிவைச் செய்துவிடும்.

இரண்டு வேர்கள்

சந்தையில் எத்தனை பெயர்கள் இருந்தாலும் அடியில் ஓடுவது இரண்டு ஹைப்பர்வைசர்கள்தான்: ஸென், கேவிஎம்.

ஸென் மூத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் இயன் பிராட் குழுவினர் உருவாக்கி 2003இல் வெளியிட்டது. அப்போது எக்ஸ்86 சிபியுக்களில் மெய்நிகராக்கத்துக்கான வன்பொருள் வசதி எதுவும் கிடையாது. அதனால் விருந்தினராக ஓடும் இயங்குதளத்தையே சற்றுத் திருத்தி, தான் ஹைப்பர்வைசரின் மேல் ஓடுவது அதற்குத் தெரியும்படி செய்தார்கள். இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் அந்த வசதியைச் சிபியுவுக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு அந்தத் திருத்தம் தேவையில்லாமல் போனது. அந்தப் புதிய வசதியை நம்பியே எழுதப்பட்டது கேவிஎம். இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தில் அவி கிவிட்டி அதை 2006 அக்டோபரில் அறிவித்தார். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கர்னலிலேயே அது சேர்ந்துவிட்டது. மறு ஆண்டு ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கியது.

இந்த வரலாறு உங்கள் சர்வர் அறைக்கு எதற்கு என்றால், கட்டமைப்பின் வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது. கேவிஎம்மில் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் லினக்ஸில் ஓடும் ஒரு சாதாரண ப்ராசஸ். லினக்ஸ் தெரிந்த ஒருவர் தனக்குப் பழகிய கருவிகளை வைத்தே எது நினைவகத்தைத் தின்கிறது, எது வட்டை அடைக்கிறது என்று பார்த்துவிடலாம். ஸென்னில் ஹைப்பர்வைசர் அடியில் தனியாக நிற்கிறது. அதற்கு மேலே டாம்0 எனப்படும் ஓர் அதிகாரம் பெற்ற லினக்ஸ், அதன் பக்கத்தில் மற்ற மெய்நிகர் கணினிகள். அவற்றின் வட்டு, நெட்வொர்க் போக்குவரத்து பெரும்பாலும் டாம்0 வழியாகத்தான் போகும். பிரிப்பு துல்லியமாக இருப்பதால் பாதுகாப்பை முதலில் வைப்பவர்களுக்கு ஸென் பிடிக்கும். கியூப்ஸ் இயங்குதளம் ஸென்னைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம். அதே பிரிப்பால், ஒரே வட்டிலிருந்து மிக அதிக வேகம் கேட்கும் டேட்டாபேஸ் சர்வருக்கு டாம்0 இடுக்கு வழியாகிவிடுவதும் உண்டு.

அமேசானின் இசி2 சேவை 2006இல் ஸென் மேல்தான் தொடங்கியது. 2017இல் அவர்களே கேவிஎம் அடிப்படையிலான நைட்ரோவுக்கு மாறத் தொடங்கினார்கள். ஸென் இன்றும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் உயிரோடு வளர்கிறது. ஆனால் டெவலப்பர்களின் கூட்டமும், சிக்கல் வந்தால் கேட்கக்கூடிய ஆட்களும் கேவிஎம் பக்கம் அதிகம். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மேலே போவோம்.

ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ

வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் படைப்பு. முதல் பதிப்பு 2008இல் வந்தது. டெபியன் லினக்ஸ், அதன் மேல் கேவிஎம், கூடவே எல்எக்ஸ்சி கன்டெய்னர், எல்லாவற்றையும் பிரவுசரில் ஆளுவதற்கு ஒரு திரை. சர்வரில் ஐஎஸ்ஓவை நிறுவி முடித்து, வேறொரு கணினியிலிருந்து 8006 போர்ட்டைத் திறந்தால் வேலை தொடங்கிவிடும். தனியாக மேலாண்மை சர்வர் என்று ஒன்று வேண்டியதில்லை. கிளஸ்டரில் எந்த நோடின் முகவரியைத் திறந்தாலும் முழுக் கிளஸ்டரும் தெரியும். விஎம்வேரின் மேலாண்மை சர்வரான விசென்டரைப் பராமரித்துப் பழகியவர்களுக்கு இந்த ஒரு விஷயமே பெரிய நிம்மதி.

உரிமம் ஏஜிபிஎல் 3. வசதிகளில் இலவசம், கட்டணம் என்ற பாகுபாடு கிடையாது. சந்தா கட்டாதவருக்கும் எச்ஏ (ஒரு சர்வர் விழுந்தால் மெய்நிகர் கணினி வேறொன்றில் தானாக எழுவது), செஃப் (சர்வர்களின் வட்டுகளைப் பொதுக் கிடங்காக்குவது), பேக்கப் எல்லாம் முழுமையாகக் கிடைக்கும். சந்தாவில் கிடைப்பது நன்கு சோதிக்கப்பட்ட அப்டேட்களைத் தரும் எண்டர்பிரைஸ் களஞ்சியமும், தேர்ந்தெடுக்கும் மட்டத்தைப் பொறுத்துத் தொழில்நுட்ப உதவியும். கணக்கு சிபியு சாக்கெட் வாரியாக. கோர் எண்ணிக்கை பொருட்டில்லை. சந்தா இல்லாவிட்டால் உள்ளே நுழையும்போது ஓர் அறிவிப்புப் பெட்டி வரும், அவ்வளவுதான். அந்தப் பெட்டியை நீக்கும் ஸ்கிரிப்ட்களைத் தேடிப் போடாதீர்கள். அடுத்த அப்டேட்டில் திரையே வராமல் போகக்கூடும். உற்பத்திச் சூழலில் ஓடும் சர்வர்களுக்குக் குறைந்தபட்சச் சந்தாவையாவது கட்டுங்கள். விஎம்வேர் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. இந்தத் திட்டம் நிலைத்து நிற்பதும் அந்தப் பணத்தில்தான். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: அவர்களின் நேரடி உதவி ஆஸ்திரிய வேலைநாட்களில், அந்த ஊர் நேரத்தில்தான். நம் ஊர்க் கடிகாரப்படி முற்பகல் முழுவதும் அங்கே இன்னும் விடியற்காலை.

சுதந்திரம் அதிகம் உள்ள தளம் இது. அதனால் ஒரு சபலமும் உண்டு. அடியில் இருப்பது டெபியன் என்பதால், அதிலேயே ஒரு வெப் சர்வர், ஒரு சாம்பா, ஒரு டாக்கர் என்று ஏற்றத் தோன்றும். செய்யக் கூடாது. பெரிய பதிப்பு மாற்றம் வரும் நாளில் அவை ஒவ்வொன்றும் குறுக்கே நிற்கும். தேவையானதை ஒரு மெய்நிகர் கணினிக்குள் வையுங்கள். ஹோஸ்ட் சுத்தமாக இருக்கட்டும்.

எக்ஸ்சிபி-என்ஜி

2017 டிசம்பரில் சிட்ரிக்ஸ், ஸென்சர்வர் 7.3ஐ வெளியிட்டபோது இலவசப் பதிப்பிலிருந்து எச்ஏ உள்ளிட்ட பல வசதிகளை எடுத்துவிட்டது. ஒரு பூலில் மூன்று சர்வர்களுக்கு மேல் சேர்க்க முடியாது என்றும் ஆக்கியது. பிரான்சின் கிரனோபிளில் இருக்கும் வேட்ஸ் நிறுவனத்தின் ஒலிவியே லாம்பேர், பொதுமக்களிடம் நிதி திரட்டி அதே மூலநிரலிலிருந்து எக்ஸ்சிபி-என்ஜியைத் தொடங்கினார். முதல் பதிப்பு 2018இல் வந்தது. இப்போது நீண்டகால ஆதரவில் இருப்பது 8.3.

விஎம்வேரில் பல ஆண்டு பழகியவர்களுக்கு இதன் ஒழுங்கு சட்டென்று பிடிபடும். ஹோஸ்ட் ஒரு மூடிய கருவி போல. அதில் எதையும் நிறுவ வேண்டாம், நிறுவவும் கூடாது. முழு ஆட்சியும் ஸென் ஆர்க்கெஸ்ட்ரா என்ற தனி மேலாண்மை மென்பொருளில் நடக்கிறது. வேறு வேறு ஊர்களில் பத்துக் கிளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய பூல் என்றால், அத்தனையையும் ஒரே ஸென் ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து பார்க்கலாம், பேக்கப் எடுக்கலாம், நகர்த்தலாம். பல கிளைகள் உள்ளவர்களுக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். ப்ராக்ஸ்மாக்ஸில் இதற்கு இணையாக வந்திருக்கும் டேட்டாசென்டர் மேனேஜர் இன்னும் இளசு.

ஸென் ஆர்க்கெஸ்ட்ராவை மூலநிரலிலிருந்து நீங்களே கட்டி இலவசமாக ஓட்டலாம். வேட்ஸ் தரும் தயார்நிலைப் பதிப்புக்கும் தொழில்நுட்ப உதவிக்கும் சந்தா உண்டு; அது சர்வர் எண்ணிக்கைக் கணக்கில். சாக்கெட், கோர் எதையும் எண்ணுவதில்லை. நிறைய கோர் உள்ள பெரிய சர்வர்களை வாங்கியவர்களுக்கு இது ஆதாயம்.

குறை என்றால், பல ஆண்டுகளாக இதில் வட்டுகள் விஎச்டி வடிவத்தில்தான் இருந்தன. அந்த வடிவத்தில் ஒரு மெய்நிகர் வட்டு 2 டெராபைட்டைத் தாண்ட முடியாது. பெரிய ஃபைல் சர்வர் வைத்திருந்தவர்கள் அதை உடைத்து உள்ளே சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. கியூகவ்2 வடிவம் அண்மையில்தான் உள்ளே வரத் தொடங்கியிருக்கிறது. உங்களிடம் 2 டெராபைட்டைத் தாண்டும் வட்டு இருந்தால், நிறுவும் பதிப்பில் அந்த ஆதரவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

வட்டு எங்கே இருக்கிறது

இங்கேதான் ஒப்பீடு உண்மையில் முடிவாகிறது. மூன்று சூழல்கள் உண்டு.

முதலாவது, ஒவ்வொரு சர்வரிலும் அதனதன் வட்டு. சிறிய அலுவலகங்களுக்கு இது போதும். ப்ராக்ஸ்மாக்ஸ் இதில் இசட்எஃப்எஸ்ஸை நிறுவும்போதே தருகிறது. ஒரு சர்வரின் மெய்நிகர் கணினிகளை மற்றொன்றுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நகலெடுக்கும்படி வைத்துவிட்டால், ஒன்று விழுந்தாலும் கடைசிச் சில நிமிடத் தரவை மட்டும் இழந்து மற்றொன்றில் எழலாம். கணக்கு மென்பொருளுக்கு அந்தச் சில நிமிடம் பொறுக்குமா என்று உரியவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இசட்எஃப்எஸ் போடும்போது பழைய ரெய்டு கார்டை அப்படியே விட்டுவைக்காதீர்கள். கார்டு வட்டுகளை மறைக்காமல் நேரடியாகக் காட்டும் எச்பிஏ முறைக்கு மாற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரக எஸ்எஸ்டியாகவே வாங்குங்கள். அது இல்லாத எஸ்எஸ்டி, ஒவ்வொரு எழுத்தும் வட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று கேட்கும் டேட்டாபேஸ் சுமையில் படுத்துவிடும்.

இரண்டாவது, ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கிய எஸ்ஏஎன் பெட்டி. விஎம்வேரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விஎம்எஃப்எஸ் என்ற விஎம்வேரின் கோப்பமைப்பு, ஒரே லூனைப் பல சர்வர்கள் சேர்ந்து எழுதுவதற்கென்றே செய்தது. அதற்கு அப்படியே நிகரான ஒன்று ப்ராக்ஸ்மாக்ஸில் இல்லை. ஐஸ்கஸி அல்லது ஃபைபர் சேனல் லூன் மேல் எல்விஎம் போட்டால் பகிர்ந்து ஓட்டலாம், லைவ் மைக்ரேஷனும் நடக்கும்; ஆனால் 8ஆம் பதிப்பு வரை அந்த அமைப்பில் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த 9.0இல்தான் ஸ்னாப்ஷாட் வசதி முன்னோட்டமாகச் சேர்ந்தது. எக்ஸ்சிபி-என்ஜியில் ஐஸ்கஸி லூன் மேலேயே ஸ்னாப்ஷாட் பல காலமாக உண்டு. ஆனால் அது முழு இடத்தையும் முன்பதிவு செய்யும் முறை. ஸ்னாப்ஷாட்களும் அவற்றை எடுத்தே செய்யும் பேக்கப்களும் கணிசமான காலி இடம் கேட்கும். லூனை நெருக்கி நிரப்பி வைத்திருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. உங்கள் பெட்டி என்எஃப்எஸ் தருமானால் இரண்டு தளத்திலும் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். முதலில் அதைத்தான் பாருங்கள்.

மூன்றாவது, சர்வர்களின் வட்டுகளையே ஒன்றுசேர்த்துப் பொதுக் கிடங்காக்குவது. ப்ராக்ஸ்மாக்ஸில் இதற்கு செஃப், எக்ஸ்சிபி-என்ஜியில் எக்ஸ்ஓஸ்டோர். செஃப் அருமையான மென்பொருள், ஆனால் அதன் பசியை அறிந்து இறங்க வேண்டும். குறைந்தது மூன்று நோடு, வழக்கமாக ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதி. மூன்று சர்வரில் தலா நான்கு 4 டெராபைட் வட்டு போட்டால் மொத்தம் 48. கையில் கிடைப்பது 16. அதையும் முழுக்க நிரப்ப முடியாது, 85 சதவீதத்தில் எச்சரிக்கை வந்துவிடும். அதாவது ஏறக்குறைய 13.6 டெராபைட்தான் உங்களுடையது. நெட்வொர்க் குறைந்தபட்சம் 10 ஜிகாபிட், அதுவும் செஃபுக்கென்றே தனியாக. ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச்சில் செஃப் போட்டு, மெய்நிகர் கணினிகள் ஊர்கின்றன என்று தளத்தின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. மூன்றே நோடு உள்ள கிளஸ்டரில் ஒன்று போனால், அது திரும்பும்வரை மூன்றாவது பிரதியை வைக்க இடமே இருக்காது. முடிந்தால் நான்காவது சர்வருக்குப் பட்ஜெட் கேளுங்கள்.

ஒரு சர்வர் விழும்போது

ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் ஒவ்வொரு நோடுக்கும் ஓர் ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு ஒரு பக்கம் இருந்தால்தான் அந்தப் பக்கம் முடிவெடுக்கலாம். இரண்டே சர்வர் உள்ள கிளஸ்டரில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். மிஞ்சிய ஒன்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை தொடர்ந்து ஓடும். ஆனால் நின்றுபோன ஒன்றைத் தொடங்க முயன்றால், கோரம், அதாவது போதிய ஓட்டு, இல்லை என்று மறுத்துவிடும். அமைப்புக் கோப்புகள் இருக்கும் பகுதி முழுவதும் படிக்க மட்டும் என்றாகிவிடும். எச்ஏ இயக்கியிருந்தால் இன்னும் கடுமை: ஓட்டை இழந்த நோடு சுமார் ஒரு நிமிடத்தில் தன்னைத் தானே ரீபூட் செய்துகொள்ளும். இது கோளாறு அல்ல. இரண்டு சர்வரும் உயிரோடு இருந்து நடுவில் கேபிள் மட்டும் அறுந்திருந்தால், ஒரே மெய்நிகர் கணினியை இரண்டும் ஓட்டி, ஒரே வட்டில் இரண்டும் எழுதித் தரவைச் சிதைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் இத்தனை கண்டிப்பு.

தீர்வு எளிது. மூன்றாவது ஓட்டைத் தர ஒரு சிறு கணினி போதும். பழைய டெஸ்க்டாப்பிலோ, பேக்கப் சர்வரிலோ கியூடிவைஸ் என்ற சிறு சேவையை நிறுவினால் அது நடுவர் ஓட்டாக நிற்கும். கிளஸ்டரில் இருக்கும் மெய்நிகர் கணினிக்குள்ளேயே அதை வைத்துவிடாதீர்கள். கிளஸ்டர் விழும்போது நடுவரும் சேர்ந்து விழும். இன்னொன்று, நோடுகள் தங்களுக்குள் பேசும் கோரோசின்க் போக்குவரத்துக்கு அகலம் அதிகம் தேவையில்லை, ஆனால் தாமதம் 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பேக்கப் ஓடும் அதே லைனில் அதை விட்டால், இரவு பேக்கப் நெட்வொர்க்கை அடைக்கும் நேரத்தில் நோடுகள் ஒன்றையொன்று செத்துவிட்டதாக நினைத்து ரீபூட் ஆகும். காரணம் தெரியாமல் அதிகாலையில் ரீபூட் ஆகும் கிளஸ்டர் என்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். ஒரு தனி 1 ஜிகாபிட் போர்ட், இரண்டாவது லிங்க்காக இன்னொன்று என்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

எக்ஸ்சிபி-என்ஜியின் போக்கு வேறு. அங்கே ஒரு பூலுக்கு ஒரு மாஸ்டர். எச்ஏ போடாத பூலில் மாஸ்டர் விழுந்தால், மற்ற சர்வர்களின் மெய்நிகர் கணினிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வேறொரு சர்வரை மாஸ்டராக நீங்கள் கையால் உயர்த்தும்வரை பூலை ஆள முடியாது. அதற்கான கட்டளைகளை அச்சடித்து ராக்கில் ஒட்டி வையுங்கள். எச்ஏ வேண்டுமானால் நாடித்துடிப்பு எழுதுவதற்குப் பகிர்ந்த ஸ்டோரேஜ் கட்டாயம். எச்ஏ உண்மையில் தேவையா என்று யோசிப்பவர்கள் குறைவு. காலையில் வந்து கையால் தொடங்கினால் போதும் என்ற அலுவலகத்தில், எச்ஏ இல்லாத எளிய அமைப்பே நீண்ட நாள் நிம்மதி தரும்.

மற்றவை

ஓவிர்ட்டை இனி புதிதாகத் தொடங்காதீர்கள். மனம் வருந்தியே இதை எழுதுகிறேன். விசென்டருக்கு மிக நெருங்கிய திறமூல மாற்றாக அது இருந்தது. ஆனால் அதைத் தாங்கிநின்ற ரெட் ஹேட், தன் வணிகப் பதிப்பின் பராமரிப்பை 2024 ஆகஸ்டில் முடித்துக்கொண்டு, கியூப்விர்ட்டை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்ஷிஃப்ட் மெய்நிகராக்கத்தின் பக்கம் போய்விட்டது. ஆரக்கிளின் மெய்நிகராக்க மேலாளர் இன்னும் ஓவிர்ட் மேல் நிற்கிறது. ஆரக்கிள் லினக்ஸ் சந்தா ஏற்கெனவே உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு சர்வர், லினக்ஸ் நன்கு தெரிந்த ஒருவர் என்றால் எந்தத் தளமும் வேண்டாம். டெபியன் அல்லது ஆல்மாலினக்ஸ், லிப்விர்ட், பிரவுசரில் பார்க்க காக்பிட், போதும். கன்டெய்னர்கள்தான் அதிகம் என்றால் 2023இல் எல்எக்ஸ்டியிலிருந்து பிரிந்த இன்கஸ் நன்றாக இருக்கிறது.

ஓப்பன்ஸ்டாக், நாசாவும் ரேக்ஸ்பேஸும் 2010இல் தொடங்கியது. செர்ன் ஆய்வகம் போன்ற இடங்களில் பிரம்மாண்டமாக ஓடுகிறது. அடையாளத்துக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று என்று பல தனிச் சேவைகளைச் சேர்த்துப் பராமரிக்க ஒரு குழுவே வேண்டும். ஐந்து சர்வருக்கு அது வேண்டாம். பல வாடிக்கையாளர்களுக்கு இடம் பிரித்து வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் அதைவிடக் கையாள எளிது. குபெர்னெடிஸ் ஏற்கெனவே பழகிய அணிக்கு சூசேயின் ஹார்வெஸ்டர். அது பழகாத அணி மெய்நிகர் கணினிக்காக மட்டும் குபெர்னெடிஸுக்குள் போக வேண்டாம்.

விண்டோஸ் மெய்நிகர் கணினியை இடம் மாற்றும்போது

2024 ஏப்ரலில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2இலிருந்து இஎஸ்எக்ஸ்ஐ சர்வரையே ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்து, அதிலிருக்கும் மெய்நிகர் கணினிகளைத் திரையிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். ஸென் ஆர்க்கெஸ்ட்ராவிலும் இதற்கு நிகரான வசதி உண்டு. இழுப்பது பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடியும். சிக்கல் வருவது முதல் பூட்டில்தான்.

விஎம்வேரில் விண்டோஸ் பார்த்துவந்த வட்டுக் கட்டுப்படுத்தி வேறு. ப்ராக்ஸ்மாக்ஸில் வேகத்துக்காக நாம் கொடுக்கும் விர்ட்ஐஓ கட்டுப்படுத்தி வேறு. அதற்கான டிரைவர் விண்டோஸில் இயல்பாகக் கிடையாது. நேரடியாக மாற்றினால் பூட் வட்டே தெரியவில்லை என்று நீலத் திரையில் நின்றுவிடும். செய்ய வேண்டியது இது. பழைய இடத்தில் இருக்கும்போதே விஎம்வேர் டூல்ஸை நீக்குங்கள். இடம் மாறிய பிறகு அது லேசில் போகாது. ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்கள் இருந்தால் அழித்துவிடுங்கள், இறக்குமதி வேகமாக நடக்கும். பயாஸா யூஇஎஃப்ஐயா என்று பார்த்துப் புதிய இடத்திலும் அதையே தேர்ந்தெடுங்கள். முதல் பூட்டுக்கு வட்டைச் சாட்டாவாகக் கொடுங்கள். மெதுவாக இருந்தாலும் விண்டோஸ் எழுந்துவிடும். கூடவே ஒரு ஜிகாபைட் அளவில் ஒரு வெற்று வட்டை விர்ட்ஐஓ ஸ்கஸியாகச் சேர்த்து, டிரைவர் ஐஎஸ்ஓவைச் செருகி நிறுவுங்கள். அந்த வெற்று வட்டு விண்டோஸுக்குத் தெரிந்துவிட்டால் டிரைவர் வேலை செய்கிறது என்று பொருள். பிறகு கணினியை அணைத்து, வெற்று வட்டை எடுத்துவிட்டு, உண்மையான வட்டை விர்ட்ஐஓ ஸ்கஸிக்கு மாற்றி, பூட் வரிசையைச் சரிபார்த்து எழுப்புங்கள்.

லினக்ஸில் டிரைவர் தொல்லை குறைவு. ஆனால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிடும். விஎம்வேரில் இஎன்எஸ்192 என்றிருந்தது இங்கே இஎன்எஸ்18 என்று வரும். பழைய பெயரில் எழுதிய ஐபி அமைப்பு செல்லாது. கன்சோலில் போய்த் திருத்தினால் சரி.

பேக்கப்

ப்ராக்ஸ்மாக்ஸின் மிகப் பெரிய பலம் 2020இல் வந்த அதன் பேக்கப் சர்வர் என்பது என் கருத்து. வட்டைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரே துண்டு எத்தனை மெய்நிகர் கணினியில் இருந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். வேண்டுமென்றால் அனுப்பும் முன்பே குறியாக்கமும் செய்யும். அதைத் தனிச் சர்வரில் வையுங்கள். ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை: பேக்கப் ஓடும்போது விருந்தினர் கணினி ஓர் இடத்தில் எழுத வந்தால், அந்த இடத்தின் பழைய தரவு பேக்கப் சர்வருக்குப் போய்ச் சேரும்வரை அந்த எழுத்து காத்திருக்கும். பேக்கப் சர்வரில் மெதுவான வட்டு இருந்தால் உங்கள் டேட்டாபேஸ்தான் திணறும். 8.2இல் வந்த ஃப்ளீசிங் வசதியை இயக்கினால் பழைய தரவு முதலில் உள்ளூர் வட்டில் ஒதுங்கி, பிறகு நிதானமாகப் போகும். இரவு பேக்கப் நேரத்தில் பில்லிங் நின்றுபோகிறது என்ற புகார் இருந்தால் இதைச் செய்து பாருங்கள்.

ஸென் ஆர்க்கெஸ்ட்ரா பக்கம், எடுத்த பேக்கப்பைத் தானாகவே மீட்டு, மெய்நிகர் கணினி எழுகிறதா என்று பார்த்து அறிக்கை தரும் வசதி இருக்கிறது. கையால் சோதிக்க ஆளில்லாத இடத்துக்கு இது விலைமதிப்பற்றது. ஏற்கெனவே வீயம் வைத்திருப்பவர்களுக்கு, 2024 ஆகஸ்டில் வந்த 12.2 பதிப்பிலிருந்து அது ப்ராக்ஸ்மாக்ஸையும் ஆதரிக்கிறது.

என் தீர்ப்பு

இரண்டு முதல் ஆறு சர்வர், லினக்ஸ் தெரிந்த ஒருவராவது இருக்கிறார், வட்டு சர்வர்களிலேயே இருக்கிறது என்றால் ப்ராக்ஸ்மாக்ஸ். பல கிளைகள், மூடிய கருவி போன்ற ஒழுங்கு வேண்டும், என்எஃப்எஸ் ஸ்டோரேஜ் இருக்கிறது, வட்டுகள் எதுவும் 2 டெராபைட்டைத் தாண்டவில்லை என்றால் எக்ஸ்சிபி-என்ஜி. ஃபைபர் சேனல் பெட்டிக்கு இன்னும் சில ஆண்டு உத்தரவாதம் மிச்சமிருக்கிறது என்றால் அவசரப்படாமல் இரண்டையும் அந்தப் பெட்டி மேல் வைத்துச் சோதியுங்கள். விண்டோஸ் சர்வர் உரிமச் செலவு எங்கே போனாலும் கூடவே வரும். அது ஹோஸ்ட்டின் கோர் கணக்கில் என்பதால் ஹைப்பர்வைசரை மாற்றுவதால் அது குறையாது. மேலதிகாரியிடம் சேமிப்புக் கணக்கு காட்டும்போது இதை மறைக்காதீர்கள்.

பழைய சர்வர் ஒன்றை எடுத்து, முக்கியமில்லாத ஒரு மெய்நிகர் கணினியை மட்டும் இடம் மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். அந்த மாதத்துக்குள் அதன் பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டுப் பாருங்கள், ஓடும்போதே ஒரு வட்டைப் பிடுங்கிப் பாருங்கள், கிளஸ்டர் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இந்த மூன்றையும் செய்து முடிக்கும்வரை பழைய உரிமத்தை ரத்து செய்யாதீர்கள்.